அந்த வால்வு செட்டில் நான் செய்த அப்கிரேட்

நம் மெக்கானிக்குகள் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு தம்பி கேட்டிருந்தார். கஸ்டமர் வீட்டில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது, சுமாராகப் பாடுகிறது, அதை அப்கிரேட் பண்ணலாமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா என்று. சாயங்காலத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. வால்வை மாற்று என்றார் ஒருவர். வால்வைத் தொடாதே, டிரான்ஸ்ஃபார்மரை மாற்று என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன்னிடம் விற்பனைக்கு இருப்பதைப் படம் பிடித்துப் போட்டார். நான்காமவர் கும்பிடும் இரண்டு கைகளைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பவனை யார் கேட்பார்கள்? யாரும் கேட்காத இடத்தில்தான் எனக்குப் பேச்சு நன்றாக வரும். அதனால் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் இருபத்தெட்டு வருஷம் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் மூடினேன். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருக்கிறது. உண்மையில், ரிப்பேர் செய்கிற பழக்கத்தை ஜனங்கள் விட்டுவிட்டார்கள், அந்தச் செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்து சேர்ந்தது. சாலிடரிங் அயர்ன் சூடாகிற நேரத்தில் புத்தகம் படிப்பது என் வழக்கம். பிற்காலத்தில் அயர்ன் பெரும்பாலும் ஆறியே கிடந்ததால் நிறையப் படித்துவிட்டேன்.

அப்கிரேட் விஷயத்தில் நான் செய்த கூத்துகள் பல. உளுந்தூர்பேட்டையில் ஓர் ஓட்டல்காரர் வீட்டு செட்டில் வால்விலிருந்து திருகுகிற குமிழ் வரைக்கும் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, சத்தம் என்னவோ அமுங்கின மாதிரிதான் இருக்கிறது என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தேன். பின்பக்கம் திறந்த ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டிலும் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். காற்றோட்டமாக இருக்கிறதாம். இந்த மாதிரிக் கதைகளாகச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நான் போய்விடலாம். ஆனால் அப்கிரேட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வெங்காயம் ஞாபகம் வருவதில்லை. மாணிக்கண்ணன் ஞாபகம்தான் வருகிறது.

மாணிக்கத்துக்குத் தியாகதுருகத்தில், கோட்டை மலைக்குக் கீழே வீடு. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சர்க்கரை ஆலையில் டர்பைன் ஓட்டுகிறவர். அந்த டர்பைன் ஹாலுக்குள் நான் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் வெளியே ஓடி வந்தேன். அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் காதுக்குள் யாரோ விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள். மாணிக்கண்ணன் அதற்குள் அரவை சீசன் முழுக்கத் தினம் எட்டு மணி நேரம் நிற்பார். அப்படிப் பதினெட்டு சீசன் நின்றிருந்தார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்பது அவர் கட்சி. டர்பைனின் ஓசை கொஞ்சம் பிசகினாலும் மீட்டர் காட்டுவதற்கு முன்னால் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். ஆலையில் அவருக்கு இருந்த மரியாதையே அந்தக் காதுக்குத்தான்.

அவர் வீட்டில் ஒரு ஹை-ஃபை செட்டு இருந்தது. ரெகார்டு பிளேயர், மாமரப் பலகையில் செய்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, நடுவில் வால்வு ஆம்ப்ளிஃபயர். ஆம்ப்ளிஃபயர் நான் கட்டியது. கடை போட்ட முதல் வருஷம் முழுக்க முழுக்க என் கையால் கட்டிய முதல் ஸ்டீரியோ. முதல் பிள்ளை மாதிரி என்று சொல்ல மாட்டேன். முதல் பிள்ளை இதைவிடச் சுமாராகத்தான் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாணிக்கண்ணன் குளித்துவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நேர் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாதஸ்வரம் கேட்பார். அவர் மனைவி பச்சையம்மாள் அடுப்படியில் இருந்தபடியே கேட்பார். எந்த ரெகார்டுத் தட்டில் எந்த இடத்தில் கீறல் என்பது அவருக்குத்தான் மனப்பாடம்.

எண்பதுகளின் நடுவில், ஓர் அரவை முடிந்த கோடையில், மாணிக்கண்ணன் என் கடைக்கு வந்தார்.

"செட்டு மந்தமாயிடுச்சி தம்பி. பாடறவனுக்குப் பல்லெல்லாம் கொட்டிப் பூட்டாப்புல கேக்குது. ஜால்ரா சத்தமே வரல."

போனேன். வால்வுகளை மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது என்றார். அவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்டேன். ஜால்ரா கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். கழுத்தை முன்னால் நீட்டி, செட்டையே முறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே லேசாக ஒரு சந்தேகம். ஆனால் நான் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கஸ்டமரின் செட்டை எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல், அவர் காதை மட்டும் குறை சொல்லாதே. செட்டைக் குறை சொன்னால் வேலை கிடைக்கும், காதைக் குறை சொன்னால் ஆளே திரும்பி வரமாட்டார். இந்த விதியை எனக்குச் சொன்னவரின் பெயர் வேண்டாம். பதில் சொல்ல அவர் இப்போது இல்லை.

அந்த ஆடியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழா. மைக் செட் என்னுடையது. ஆலைக்கு ஓய்வுக் காலம், வீட்டில் சும்மா கிடக்கிறேன், நானும் வருகிறேன் என்று மாணிக்கண்ணன் என் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார். புனல் ஸ்பீக்கரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியதும் வண்டி சூடாகி நின்றுவிட்டது. ஒரு வளைவில் ஓரங்கட்டினேன்.

எஞ்சின் அடங்கியதும்தான் தெரிந்தது, இரண்டு பக்கக் காடும் சில்வண்டுச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. ரம்பத்தைச் சாணை பிடிக்கிற மாதிரி, விட்டு விட்டு இல்லை, ஒரே இழையாக. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. மாணிக்கண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா நிம்மதி பாரு தம்பி. பொட்டுச் சத்தம் கெடையாது. இங்க வந்தாதான் மனுசனுக்கு காது அடங்குது."

நான் சிரிக்கத் தயாரானேன். மாணிக்கண்ணன் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணை மூடி, நிஜமாகவே அந்த நிசப்தத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் மேலே, மரப்பட்டையில் உட்கார்ந்து ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது.

"ஆமாண்ணா" என்றேன்.

செட்டில் கோளாறு இல்லை என்று எனக்கு அந்த வளைவில் தெரிந்துவிட்டது. திருவிழாவில் மூன்று நாள் மைக் கட்டினேன். மூன்று நாளும் அதை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களைக் கட்டிப் பார்த்தேன். படித்தவனாயிற்றே, எல்லா வாக்கியமும் நன்றாக வந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை.

மலையிலிருந்து இறங்கிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணிக்கண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் செட்டைத் திறந்து, அயர்னைச் சூடேற்றி வைத்தேன். அவர் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டு, ஆலையில் நடந்ததைச் சொன்னார். இந்த சீசனிலிருந்து அவரை டர்பைனை விட்டு எடுத்துவிட்டுக் கரும்பு எடைமேடைக்கு மாற்றப்போகிறார்களாம். அலாரம் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை என்று யாரோ மேலே சொல்லிவிட்டார்களாம். சம்பளத்தில் குறை இருக்காது. சம்மதமா என்று மறுநாள் காலையில் சொல்ல வேண்டும். டர்பைன் ஓட்டியவன் மாட்டுவண்டிக்காரனோடு எடைக்குத் தகராறு செய்துகொண்டு உட்கார்ந்திருப்பதா என்றார். சேலத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறாராம், இந்த வால்வு செட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக மாட்டச் சொல்கிறாராம், அதையும் சொன்னார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ கட்டுன செட்டு. நீயே சொல்லு தம்பி. செட்டு பூடுச்சா, நான் பூட்டனா?"

பச்சையம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பிகளே, நம் தொழிலில் ஷாக் அடிக்கிற இடமெல்லாம் உங்களுக்குத் தெரியும். கையை எங்கே வைக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒருவர் நேராகக் கேட்டால் என்ன செய்வது என்று எந்தச் சர்க்யூட் படத்திலும் போட்டிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். சேலத்து மெக்கானிக்கையும் நினைத்தேன், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. நான் கட்டிய செட்டின் மேல் இன்னொருத்தன் கை வைப்பதா என்ற ரோஷமும் இருந்தது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியவில்லை.

"செட்டுதாண்ணா. அதுக்கும் வயசாவுதில்ல. கொஞ்சம் அப்கிரேட் பண்ணிடலாம்" என்றேன்.

ஒரு கண்டென்சர், இரண்டு ரெசிஸ்டன்ஸ். கூர்மையான ஒலிகளை மட்டும் தூக்கிக் கொடுக்கிற சின்ன வேலை. விவரம் வேண்டாம், அது உங்களுக்கே தெரியும். கஸ்டமரை நாற்காலியில் உட்கார வைத்துக் குமிழைத் திருகிக்கொண்டே போவேன். போதும் என்று அவர் கையைத் தூக்கும் இடத்தில் நிறுத்தி, அதையே நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவேன். அதுதான் என் வேலை முறை. அன்றைக்குத் திருகிக்கொண்டே போனேன். மாணிக்கண்ணன் கையைத் தூக்கவே இல்லை. சாதாரணக் காதுக்குப் பல் கூசுகிற இடத்தைத் தாண்டி, குமிழின் கடைசிக்குப் போன பிறகு இரண்டு கையையும் தூக்கினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் நெகிழ்ந்துவிட்டதாக அவர் நினைத்தார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

"வந்துடுச்சி தம்பி. ஜால்ரா வந்துடுச்சி. எனக்கா காது பூடுச்சின்னானுங்க? நாளைக்கி மேனேசர் மூஞ்சிக்கு நேரா சொல்லிடறேன், எடமேடைக்கி வேற ஆளப் பாருன்னு."

பச்சையம்மாளைப் பார்த்து, கேட்டியா என்றார். அவர், ம், நல்லா கேக்குது என்றார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முழ ஒயர். அதைச் சுருட்ட எனக்கு அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரத்துக்குள் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்கு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணா என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். சுருட்டி முடித்துப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். ஒரு மனிதரின் மனம் நோகாமல் நடந்துகொண்டோம் என்ற திருப்தியில் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். அப்கிரேட் பண்ணலாமா என்று கஸ்டமர் கேட்டால், அவர் செட்டைப் பற்றி விசாரிக்கிறாரா, தன்னைப் பற்றி விசாரிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். செட்டைப் பற்றி என்றால் மீட்டர் போதும். தன்னைப் பற்றி என்றால் அயர்னை அணைத்துவிடுங்கள்.

மாணிக்கண்ணன் டர்பைன் பக்கமே நின்றார். நாலு அரவை சீசன் போயிற்று. பஸ்ஸில் தியாகதுருகத்தைத் தாண்டும்போதெல்லாம் நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வேன். அவரை எங்கேயாவது பார்த்தால் முன்னைவிட உரக்கப் பேசினார். நான் சொன்னதற்குச் சம்பந்தமில்லாமல் சிரித்தார். வயசாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செட்டுக்குச் சொன்ன அதே காரணம்தான்.

நாலாவது சீசன் முடிந்ததும் பச்சையம்மாள் தனியாகக் கடைக்கு வந்தார். விழுப்புரத்தில் காது டாக்டரிடம் காட்டினார்களாம். காதோரம் கத்தினால் பாதி புரிகிறது, அவ்வளவுதான். மிஷின் வைத்தாலும் பெரிய பிரயோசனம் இருக்காதாம்.

"அன்னிக்கே அந்த எடத்த வுட்டு மாறிக்கினு இருந்தா மிச்சமாவது நின்னுருக்கும்னு டாக்டரு சொல்றாரு. நாமதான் செட்டு பூடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்துட்டோம்."

நாம என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் வந்த காரியம் அதுவல்ல. மாணிக்கண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

போனேன். அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலின் மேல் நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும். அவரிடம் பேச வேண்டியதை இப்போது எல்லாரும் அதில்தான் எழுதிக் காட்டுகிறார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாத சத்தத்தில் கேட்டார்.

"இன்னொரு தபா அப்கிரேட் பண்ணிடலாமா தம்பி? அன்னிக்கி பண்ணியே, உடனே வந்துச்சே. அந்த மாரி இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா."

நோட்டை எடுத்தேன். செட்டில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதினேன். அன்றைக்கும் இருக்கவில்லை என்று எழுதினேன். மலைக்குப் போனபோதே எனக்குத் தெரியும், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். ரகசியமாகச் சொல்ல வேண்டிய மூன்று வாக்கியம். மாணிக்கண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக, எழுத்துக் கூட்டி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். எதிர்வீட்டில் புடைத்துக்கொண்டிருந்த முறம் நின்றது.

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சும்மா தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நிலைப்படியில் நின்றிருந்த பச்சையம்மாள் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "நீங்க அத மாத்துன நாள்லேர்ந்து எனக்கு காதுல ஊசி வெச்சி குத்தறாப்புல இருந்துச்சிங்க தம்பி. வெளிய சொல்லல. அவுரு சந்தோசமா கேட்டுக்கினு இருந்தாரு. மெக்கானிக்கு நீங்க, ஒங்களுக்குத் தெரியாததான்னும் இருந்துட்டேன்."

அவர் உதடு அசைவதை மாணிக்கண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னா சொல்றா அவ?"

பச்சையம்மாள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார். மாணிக்கண்ணன் நோட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கி, ஊசி உட்பட, பச்சையம்மாள் சொன்னது அத்தனையும் எழுதினேன். இந்த முறை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை. இரண்டு தரம் படித்தார் போலிருக்கிறது. பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமையானா கொல்லையில போயி தொவைக்கற கல்லு மேல குந்திக்கினு இருப்பியே. வேல கீதுன்னு சொல்லிக்கினு. அதுக்கா?"

பச்சையம்மாள் பதில் சொல்லியிருந்தால் அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்திருக்கும்.

"கழட்டிடு தம்பி" என்றார் மாணிக்கண்ணன். "அவ உள்ள வந்து குந்தட்டும்."

அன்றைக்குப் பற்றவைத்ததைக் கழற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. நாதஸ்வரத் தட்டு ஒன்றை எடுத்துப் போட்டேன். மாணிக்கண்ணன் எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டி, அதைக் காட்டினார். பச்சையம்மாள் தயங்கி அதன் நுனியில் உட்கார்ந்தார். தட்டு சுழல்வதை மாணிக்கண்ணன் சிறிது நேரம் நின்று பார்த்தார். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக் கொல்லைப் பக்கம் போனார். திறந்திருந்த கதவு வழியாக, துவைக்கிற கல்லின் மேல் அவர் முதுகு தெரிந்தது.

தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்தது. திருப்பிப் போடட்டுமா அண்ணி என்று கேட்டேன்.

"போதுங்க தம்பி. அவுரு அங்க தனியா குந்திக்கினு கீறாரு" என்று பச்சையம்மாள் எழுந்து போனார்.